அவர் போனப்புறம் ஆயில் குறையல

நம்ம ஊர்ல ஒருத்தரைத் திருடன்னு சொல்றதுக்கு ரொம்ப மண்டையை உடைச்சிக்க வேணாம். சாவி யார் இடுப்புல தொங்குதோ அவன்தான். எங்க ஹேங்கர்ல ஸ்டோர் ரூம் சாவி அண்ணாத்த இடுப்புல தொங்கிச்சு. கதை அவ்வளவுதான். ஆனா நான் அதோட விடுற ஆள் இல்லைங்கிறதால முழுசா சொல்றேன்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஓடுபாதை. அதோரமா ஒரு பெரிய தகரக் கொட்டாய். அதைத்தான் ஹேங்கர்னு சொல்லுவோம். உள்ள ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற பழைய பயிற்சி விமானம் ஒண்ணு. பைலட் ஆகணும்னு வர்ற பசங்க அதுலதான் கத்துக்கிறாங்க. ஏறினதும் கடற்கரைக் கோயில் பக்கமா ஒரு திருப்பம், உப்பளம் மேல ஒரு திருப்பம், திரும்பி வந்து இறங்கு, மறுபடியும் ஏறு. நாள் பூரா இதே வேலை. நான் அங்க மெக்கானிக். பொம்பளை மெக்கானிக்கான்னு வாயைப் பொளக்கிறவங்களுக்கு நான் கைவசம் வெச்சிருக்கிற பதிலை எல்லாம் இங்க எழுத முடியாது.

அண்ணாத்தன்னு நான் கூப்பிட்டது எங்க ஹேங்கர் உதவியாளரை. சொந்தம் ஒண்ணும் இல்ல, பக்கத்து ஊரு. ரெண்டு பேர் வூட்டுலயும் அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவன் நெலத்துலதான் நாத்து நட்டாங்க. நான் டிப்ளமா படிச்சு ஸ்பேனரைப் புடிச்சேன். அவர் பத்தாவதோட நின்னுட்டு, பல எடத்துல அடிபட்டு, ஹேங்கருக்கு வந்து சேர்ந்தார். விமானத்தை வெளிய தள்ளுறது, பெட்ரோல் போடுறது, எஞ்சினுக்கு ஆயில் ஊத்துறது, இறங்கி வந்ததும் அடிவயித்தைக் கழுவித் துடைக்கிறது எல்லாம் அவர்தான். பொண்டாட்டி எப்பவோ தவறிட்டாங்க. ஒரே பொண்ணு. அதுக்குத் தலை பின்னி, சோறு கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, காலேஜுக்கு அனுப்பி, எல்லாம் இவரே. அது இவரை நைனா நைனான்னு கூப்பிடுறதைக் கேட்டா எனக்கே பொறாமையா இருக்கும். என் பசங்க என்னைக் கூப்பிடுறது பசி எடுத்தா மட்டும்தான்.

அந்தப் பொண்ணுக்கு அணுமின் நிலையத்துல ஆபீஸ் வேலை கிடைச்சுது. பரிட்சை எழுதி, நேர்ல பார்த்து, தேர்வாயிடுச்சு. போலீஸ்ல இருந்து வூட்டாண்ட வந்து விசாரிச்சு, கேஸு கீஸு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா ஆர்டர் வந்துடும். அணுபுரத்துல குவார்ட்டர்ஸ் கூட பின்னாடி கிடைக்கும்னு பேச்சு. அண்ணாத்த ஜாங்கிரி வாங்கிக்கினு வந்தார். முதல் ஜாங்கிரி கேப்டனுக்கு. கேப்டன்னா எங்க முதலாளி. பெரிய பெரிய விமானம் ஓட்டி ஓய்வு வாங்கினவர், இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துறவர். "சார், போலீஸ் விசாரணை மட்டும்தான் சார் பாக்கி. அது முடிஞ்சா என் கவலை எல்லாம் தீந்துது சார்"னு அண்ணாத்த வாய் நிறையச் சொன்னார். கேப்டனும் தட்டிக் குடுத்து, ஜாங்கிரியைச் சாப்பிட்டு, கையைத் துடைக்க அவர் தோள்ல கிடந்த துணியையே எடுத்துக்கினார்.

அந்தச் சமயத்துலதான் ஆயில் குறையுற பேஜாரு பெருசாச்சு.

எஞ்சினுக்குள்ள ஆயில் எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஒரு குச்சி உண்டு. அதுல கோடு போட்டு நம்பர் இருக்கும். மேல் கோடு எட்டு. கேப்டன் வெச்ச சட்டம் என்னன்னா, விமானம் காலையில எட்டுக் கோடு ஆயிலோட கிளம்பணும், எப்ப குறைஞ்சாலும் எட்டுக்கு ஊத்தணும். அவர் ஒரு காலத்துல கடலுக்கு மேல பறக்குறப்ப ஆயில் பிரஷர் விழுந்து உயிர் போய் உயிர் வந்ததாம். அந்தப் பயம் நியாயமான பயம்தான், நான் குறை சொல்லல. ஆனா எட்டுக் கோடு வரைக்கும் ஊத்தினா சாயங்காலம் குச்சி ஆறுதான் காட்டும். மறுபடி ஊத்தினா மறுநாளும் ஆறு. அதுலயும் விமானம் இறங்கி நின்ன உடனே கேப்டன் வந்து குச்சியை உருவுவார். சூட்டோட உருவினா மேல சிதறி இருக்கிற ஆயில் கீழ இறங்கி இருக்காது, இன்னும் குறைச்சலாத்தான் காட்டும். "கொஞ்சம் பொறுங்க சார், ஆறட்டும்"னு சொன்னா யார் கேட்குறது? "ஊத்துய்யா!"ம்பார். அண்ணாத்த ஊத்துவார். ஸ்டோர்ல டப்பா டப்பாவாக் காலியாச்சு.

என்னைப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தேன். எஞ்சின்ல ஆயில் குறைஞ்சா ஒண்ணு எரியணும், இல்ல ஒழுகணும். எரிஞ்சா புகைபோக்கியில நீலப் புகை வரும், ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டினா எண்ணெய்ல நனைஞ்சு இருக்கும். ப்ளக்கு நாலு சிலிண்டர்லயும் காஞ்சு சுத்தமா இருந்துச்சு. அழுத்தம் பார்த்தேன், நல்லா நின்னுச்சு. சரி, ஒழுகுதா? மூடியைத் திறந்து, முன்பக்க சீல், கேஸ்கெட், ஆயில் கூலருக்குப் போற ஹோஸ், எல்லாத்தையும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். லேசான கசிவு எந்த எஞ்சின்ல இல்ல? அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அடிவயித்தைக் குனிஞ்சு பார்த்தேன், கண்ணாடி போட்ட மாதிரி பளபளன்னு இருந்துச்சு. பார்த்ததைப் பார்த்தபடி கேப்டன்கிட்ட சொன்னேன். எரியல சார், ஒழுகவும் இல்ல சார்.

"எரியல, ஒழுகல. அப்ப ஊத்தவே இல்லம்மா"ன்னார்.

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. நான் எஞ்சினைப் பத்திச் சொன்னேன், அவர் மனுஷனைப் பத்திப் புரிஞ்சிக்கினார். "காலையில பசங்க குச்சியைப் பார்த்துட்டுத்தானே சார் ஏறுறாங்க"ன்னு சொன்னேன். அதுக்குத்தான் மறுநாள் எல்லாரையும் கூட்டினார்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பறக்குறதுக்கு முன்னாடி பைலட்தான் குச்சியை உருவி ஆயிலைப் பார்க்கணும். அதுதான் முறை. ஆனா எங்க பசங்க போட்டுக்கினு வர்றது சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. குச்சியைத் தொட்டா கையில எண்ணெய், கை சட்டையில பட்டா போச்சு. அதனால அண்ணாத்தயே உருவிப் பார்த்து, "ஃபுல்லு சார்"ம்பார். இவனுங்க தலையை ஆட்டிட்டு, பார்த்ததா டிக் அடிச்சிட்டு ஏறிடுவானுங்க. வருஷக்கணக்கா அப்படித்தான்.

இன்னொண்ணு. செங்கல்பட்டுல புல்லட் வெச்சிருக்கிற பையன் ஒருத்தன் விடாம எல்லாரும் நம்புற விஷயம், ஏரோப்ளேன் ஆயிலை ஊத்தினா வண்டி பறக்கும்னு. என்கிட்ட எத்தினி பேர் கேட்டிருக்கான்! "என் வண்டிக்கு ஒரே ஒரு டப்பாக்கா." அடேய், அது பறக்குறதுக்கு ஊத்துற ஆயில் இல்லடா, உன் வண்டிக்கு அது ஆகாதுடா, கிளட்ச் வழுக்கும்டான்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நம்பமாட்டானுங்க. அதனால எங்க ஆயிலுக்கு வெளிய கிராக்கி இருந்தது நெசம்.

மத்தியான வெயில்ல தகரம் கொதிக்குது. எல்லாரும் விமானத்தைச் சுத்தி நிக்கிறோம். கேப்டன் முதல்ல பசங்களைக் கேட்டார், "குச்சியை உங்க கண்ணால பார்த்தீங்களா?" பார்த்தோம்னா, தினமும் எட்டு இருந்துச்சுன்னு ஆயிடும். அண்ணாத்த தப்பிச்சிடுவார். பார்க்கலைன்னா இவனுங்க மேல தப்பு. ஆனா பார்த்தோம்னு சொல்லி மாட்டிக்கினா இன்னும் பெரிய தப்பு. ஒருத்தன் ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்துக்கினானுங்க. கடைசியில ஒருத்தன், "அவர் ஃபுல்லுன்னு சொன்னார் சார், நம்பிட்டோம்"னான். மத்தவனுங்களும் ஆமா சார் ஆமா சார்னானுங்க. அதுவரைக்கும் அண்ணே அண்ணேன்னு அவர் சோத்து டப்பாவுல கை விட்டவனுங்க அவனுங்க.

"உன் வீட்டுல நம்ம ஆயில் டப்பா இருக்காய்யா?"ன்னு கேட்டார் கேப்டன்.

"கீது சார். காலி டப்பா. செடி வெச்சிகீது பொண்ணு."

எல்லாரும் சிரிச்சானுங்க. என் வூட்டுலயும்தான் நாலு கீது சார்னு நான் கத்தினேன். அதுல கருவேப்பிலை வெச்சிருக்கேன், வந்து பாருங்கன்னு கத்தினேன். "ஏம்மா, உன்னை யாரும் கேட்கல"ன்னார். அப்புறம் குரலை இறக்கிக்கினு அண்ணாத்தகிட்ட, ஏதோ நல்லது சொல்ற மாதிரி சொன்னார். "நான் ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தாப் போதும். யார் எடுத்தான்னு போலீஸ் கண்டுபிடிச்சிக்கும். ஆனா உன் பொண்ணுக்கு அவங்க விசாரணை வரப்போகுதுன்னு சொன்னியே? எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. நான் இதோட விட்டுடறேன். உங்க ஆளுங்கள்ல ஒரு பொண்ணு படிச்சு மேல வர்றதே பெருசு, அதை ஏன் கெடுத்துக்கிற?"

ஜாங்கிரி தின்ன வாய்!

அண்ணாத்த என்னைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். இடுப்புல இருந்து சாவியைக் கழட்டி ரெக்கை மேல வெச்சார். "ஆமா சார், நான்தான் எடுத்தேன்"னார். தானா ஒத்துக்கிறவனுக்காக எந்த வாயை வெச்சுக்கினு வாதாடுறது? வெள்ளைச் சட்டைப் பையன் ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் புடிச்சிக்கினு இருந்தான். நான் அதைப் பிடுங்கப் போறதுக்குள்ள அவன் வெளிய ஓடிட்டான்.

அதோட விட்டாரா கேப்டன்? விடல. "போறதுக்கு முன்னாடி அடிவயித்தைக் கழுவிட்டுப் போ"ன்னார். காலையில பறந்த விமானம், இன்னும் துடைக்கல. அண்ணாத்த பக்கெட்டை எடுத்தார், சோப்புத் தண்ணியைக் கலக்கினார், மல்லாக்கப் படுத்துக்கினு வழக்கம் போல ஒரு மூலை விடாம துடைச்சார். யாரும் போகல. நின்னு பார்த்தானுங்க. முடிச்சிட்டு, துணியை அலசிக் கம்பியில காயப் போட்டுட்டு, சைக்கிளை எடுத்துக்கினு போயிட்டார்.

அவர் போனப்புறம் அந்த வேலைக்கு ஆள் போடல. ஆயில் ஊத்துறது என் தலையில விழுந்துச்சு. அடிவயித்தைக் கழுவுறதுக்கு நாதி இல்ல. நான் ஊத்தினேன், என் கையால, எட்டுக் கோடு வரைக்கும். சாயங்காலம் ஆற விட்டு உருவினா ஆறரை. மறுநாள் ஊத்தினேன். ஆறு. அடப்பாவிகளா, இப்ப யார் எடுத்தது? நான் எடுத்தேனா? குனிஞ்சு விமானத்துக்கு அடியில பார்த்தேன். மூக்குல இருந்து வால் வரைக்கும் கருப்பா, வழவழன்னு, நீளமா ஒரு எண்ணெய்க் கறை. உப்புக் காத்துல வந்த மண்ணு, சிற்பப் பட்டறைக் கல்லுத்தூள் எல்லாம் அதுல ஒட்டிக்கினு கிடக்கு.

அந்தக் கறை தினமும் இருந்திருக்கு. விமானம் இறங்கின கையோட அண்ணாத்த துடைச்சிடுவார். பழைய எஞ்சின்னா இந்த அழுக்கு சகஜம்னு நெனச்சுக்கினு, அடிவயிறு அழுக்கா இருந்தா கேப்டன் கத்துவார்னு, நான் வந்து குனியறதுக்குள்ள பளபளன்னு ஆக்கிடுவார். திருடலைங்கிறதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கறை. அதை அந்த மனுஷனே தேச்சுத் தேச்சு அழிச்சிருக்கார், கடைசி நாள் உட்பட.

எஞ்சினை மொத்தமா கழுவினேன். நல்லா காய விட்டு, முகத்துக்குப் போடுற பவுடர் டப்பாவைக் கவுத்து எஞ்சின் பூரா தூவினேன். எங்க எண்ணெய் வந்தாலும் அந்த வெள்ளையில கோடு போட்டுக் காட்டும். விமானத்தை நகராம கட்டிப் போட்டு எஞ்சினை ஓட்டினேன். சீல்ல இல்ல, கேஸ்கெட்ல இல்ல, எங்கயும் இல்ல. ஒரே ஒரு எடம். எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போறதுக்கு ஒரு குழாய் கீழ நீட்டிக்கினு இருக்கும், ப்ரீதர்னு சொல்லுவோம். எஞ்சின் மூச்சு விடுற குழாய். அதோட நுனியில இருந்து எண்ணெய் துப்புது.

குழாய் மேல தப்பு இல்ல. எட்டுக்கு ஊத்தினா உள்ள சுத்துற தண்டு மேல இருக்கிற ஆயிலை அடிச்சு நுரையாக்குது, அது மூச்சோட வெளிய போவுது. ஆறாம் கோட்டுக்கு இறங்கினதும் ஆயில் தண்டுக்கு எட்டாது, துப்புறது நின்னுடும். எல்லா எஞ்சினும் இப்படி இல்ல, இந்தப் பழசுக்கு அப்படி ஒரு குணம். புஸ்தகத்துல பார்த்தா ஆறுக்கும் கீழ இறங்கினாக்கூட ஓட்டலாம்னு போட்டிருக்கு. அதனால ஆறுக்கு மட்டும் ஊத்தி அனுப்பினேன். சாயங்காலம் ஆறு. மறுநாளும் ஆறு. எட்டுக்கு ஊத்திப் பார்த்தேன், அடிவயித்துல கறை, சாயங்காலம் ஆறு. அவ்வளவுதாங்க நம்ம திருடன்.

கேப்டனைக் கையைப் புடிச்சு இழுக்காத குறையா கூட்டிக்கினு வந்து காட்டினேன். அவர் குனிஞ்சு பார்த்தார். கறையை ஒரு விரலால தொட்டார், மோந்து பார்த்தார். புரிஞ்சிடுச்சு. எட்டுக்கு ஊத்துன்னு சட்டம் போட்டது யாருன்னும் புரிஞ்சிடுச்சு.

"சரி. இனிமே ஆறு"ன்னார்.

"சார், அவரைக் கூப்பிடணும் சார்."

"எதுக்கு?"

"இன்னா சார் எதுக்குன்றீங்க? அவர் எடுக்கல!"

"அவனே ஒத்துக்கிட்டானேம்மா. எடுக்காதவன் ஏன் ஒத்துக்கணும்?" நிமிர்ந்து, விரலை என் கழுவுற துணியில துடைச்சிக்கினார். "நீ சத்தம் போட்டா நான் என்ன பண்ணணும் தெரியுமா? விஷயத்தைச் சுத்தமாக்கணும்னா கம்ப்ளெய்ன்ட் குடுத்து, போலீஸே விசாரிக்கட்டும்னு விடணும். குடுக்கட்டுமா?"

நேரா அண்ணாத்த வூட்டுக்கு வண்டியை விட்டேன். அவர் வெளிய உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சிக்கினு இருந்தார். பொண்ணு இல்ல. நான் மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கினே இருந்தார். அவர் மூஞ்சியில சந்தோஷம் வரும்னு நான் பார்த்துக்கினு இருக்கேன், வரல.

"தங்கச்சி, நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்"னார். "நீ கண்டுபுடிச்சு எனக்கு இன்னா ஆவணும்? விசாரணை இன்னும் வர்ல. அந்தாளு கோவத்துல போயி எழுதிக் குடுத்துட்டாருன்னா எம் பொண்ணு பொயப்பு பூடும். உன் கால்ல வேணா வுயறேன், வாய மூடிக்கினு இரு."

"ஊரே உன்னைத் திருடன்னுதே அண்ணாத்த!"

"சொல்லிக்கினு போட்டும். ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும். வந்துட்டா அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். அவளுக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு இன்னாத்துக்கு?"

நான் வாயை மூடிக்கினேன். என் வாழ்க்கையில முதல் தடவை.

ஹேங்கர்ல என்ன ஆச்சு? தினமும் ஆறு ஊத்துறோம், தினமும் ஆறு நிக்குது. டப்பா காலியாகல. கேப்டன் ஒரு வார்த்தை சொன்னார், "பார்த்தீங்களா, அவன் போனப்புறம் ஆயில் குறையவே இல்ல." வெள்ளைச் சட்டைப் பசங்க அதையே சொன்னானுங்க. டீ கொண்டு வர்றவர் வரைக்கும் சொன்னார். நான் ஆறு ஊத்தி அனுப்பின எஞ்சின், அவர் திருடன்னு தினமும் சாட்சி சொல்லிக்கினு பறந்துச்சு. அந்தப் பையன் புடிச்ச படமும் போனுக்குப் போன் தாவி செங்கல்பட்டுல பாதிப் பேர் பார்த்தாச்சு. பொண்ணு பார்க்காம இருக்குமா? பார்த்துடுச்சு. அன்னைக்கில இருந்து அவர்கிட்ட பேசுறதை நிறுத்திடுச்சு. அப்பவும் அவர் வாயைத் திறக்கல. எங்க கேப்டன் காதுக்குப் போயிடுமோன்னு பயம்.

போலீஸ்காரர் வந்தார், ஸ்டேஷன்ல கேஸு எதுவும் இல்லைன்னு பார்த்தார், நாலு கேள்வி கேட்டு டீ குடிச்சிட்டுப் போனார். ஆர்டர் வந்துச்சு. பொண்ணு வேலைக்குச் சேர்ந்துடுச்சு. அண்ணாத்த மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல் வாசல்ல விசில் ஊதி கார் நிறுத்துற வேலையில இருந்தார். ஒரு நாள் எனக்குப் போன் பண்ணார்.

"தங்கச்சி, அவகிட்ட சொல்லிட்டேன். நம்பமாட்றா. கேப்டன் ஒத்துக்கச் சொன்னாருன்னா, மூஞ்சைத் திருப்பிக்கினு போறா. நீ வந்து சொல்லு. படிச்ச ஆளு, எஞ்சினப் பத்தித் தெரிஞ்ச ஆளு. நீ சொன்னா நம்புவா. ஞாயித்துக்கிழமை வூட்டாண்ட வா."

போனேன். அண்ணாத்த ஷேவ் பண்ணிக்கினு, கல்யாணத்துக்குப் போட்டுக்கினு போற சட்டையைப் போட்டுக்கினு, வாசக்கதவாண்ட உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுல தீர்ப்புக்கு வந்தவர் மாதிரி இருந்துச்சு அந்தக் கோலம். உள்ள மீன் கொழம்பு வாசனை. பொண்ணு என்னைப் பார்த்து, "வா அத்த"ன்னு சிரிச்சுது. அவர் பக்கம் திரும்பவே இல்ல.

"அத்த, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவரு போனப்புறம் ஆயில் கொறைஞ்சுதா?"

"இல்லடி. ஆனா அது ஏன்னு கேளு."

எல்லாத்தையும் சொன்னேன். எட்டுக் கோடு, ஆறுக் கோடு, மூச்சு விடுற குழாய், அடிவயித்துக் கறை. "வாய் வரைக்கும் தண்ணி புடிச்சு கொடத்தை சைக்கிள்ல கட்டினா வூடு போறதுக்குள்ள மேல கீற தண்ணி தளும்பிக் கொட்டுதா இல்லியா? கொஞ்சம் கொட்டினப்புறம் நிந்துடுதில்ல? அதேதாண்டி"ன்னேன். அண்ணாத்த ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கினு, மகளோட மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தார். அது பொறுமையா கேட்டுச்சு. குறுக்கப் பேசல. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

"இத்த எப்ப கண்டுபுடிச்ச அத்த?"

"அவர் போன கையோட."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"உன் வேலைக்காகத்தாண்டி. உங்கப்பாதான் வாய மூடிக்கினு இருன்னாரு."

அது என்னையே பார்த்துச்சு. கோபமே இல்ல அந்தக் கண்ணுல, பாவம்னு பார்க்குற மாதிரிதான் இருந்துச்சு. "அத்த, டீக்கடையில கிளாஸ் கழுவலன்னு ரோட்டையே நிறுத்தின ஆளு நீ. பஸ்ல ஒருத்தன் இடிச்சான்னு டிரைவரையும் சேத்து ஸ்டேஷனுக்கு இட்டும்போன ஆளு நீ. நைனா எடுக்கலன்னு தெரிஞ்சிருந்தா அந்த ஹேங்கரக் கொளுத்தியிருப்ப. நீயா வாய மூடிக்கினு இருந்த? இத்தினி மாசம்?" கரண்டியைக் கீழ வெச்சுது. "இவருக்காவ இவ்ளோ தூரம் வந்து பொய் சொல்றியே, உன் மனசு யாருக்கும் வராது. வுடு. உக்காரு, சாப்புடு."

என்ன சொன்னாலும் இனிமே பொய்தான். சத்தியம்டி, என் பசங்க மேல சத்தியம்டின்னு எழுந்து நின்னு கத்தினேன். கத்தக் கத்த எனக்கே அது பொய் மாதிரி கேட்டுச்சு. பொண்ணோட மூஞ்சி இறுகிச்சு. "போதும் அத்த. உன்னயும் பொய்க்காரின்னு சொல்ல வெக்காத."

அப்பதான் அண்ணாத்த பேசினார். "வுடும்மா. அத்தைய ஒண்ணும் சொல்லாத. நான்தான் இப்படி வந்து சொல்லுன்னு கெஞ்சினேன். எடுத்தது நான்தான்."

"யோவ் அண்ணாத்த!"ன்னு நான் அலறினேன். அவர் என் பக்கம் கையைக் காட்டி, வேணாம்னு தலையை ஆட்டினார்.

பொண்ணுக்குக் கண்ணு தளும்பிடுச்சு. "இத்த மொதல்லியே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா நைனா?"ன்னுச்சு. அந்தப் படம் வந்ததுல இருந்து நைனான்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான். "நீ எடுத்தது கூட எனக்குப் பெருசில்ல. எங்கிட்டயே இல்ல இல்லன்னு பொய் சொன்னியே, அதத்தான் என்னால தாங்க முடியல. எனக்காவத்தான எடுத்த? என் படிப்புக்குத்தான?"

"ஆமாம்மா"ன்னார்.

அது ஓடி வந்து அவர் பக்கத்துல உட்கார்ந்து, துப்பட்டாவால அவர் கண்ணைத் துடைச்சுது. தட்டு எடுத்து வந்து, சோறு போட்டு, பெரிய துண்டா பார்த்து மீனை வெச்சு, முள்ளைத் தானே எடுத்துக் குடுத்துச்சு. அவர் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டார். இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.